மேட்டுக்கு அந்தப் பக்கம்

எனக்குப் பேரன் பொறந்திருக்கான். அதைச் சொல்லாம வேற எதையும் என்னால ஆரம்பிக்க முடியலை. கடைக்குப் போனாலும் பால் பாக்கெட் வேணும்னு கேக்குறதுக்கு முன்னாடி இதைத்தான் சொல்றேன். கொட்டாவி விட்டான்னா ஒடம்பு மொத்தமும் சேந்து கொட்டாவி விடுது. காலு எங்க வீட்டுக் காலு, கட்டைவிரல் மட்டும் கோவிச்சுக்கிட்ட மாதிரி தனியா ஒதுங்கி நிக்கும். மூக்கு எங்களுது இல்ல. அது லோட்ஸ் வீட்டு மூக்கு. டவுன் ஹால்ல முன்னாடி ஒரு பெரிய போட்டோ மாட்டியிருந்தாங்க, அந்தப் போட்டோவுல இருந்த மூக்கு.

இது என் சம்பந்தி கதை. அவரு பேரு சர்வாஸ் லோட்ஸ். வெள்ளைக்காரரு. படிச்சவங்க யாராவது எழுதினா அவரோட அப்பாவைப் பத்தித்தான் எழுதுவாங்க, இவரை எழுத மாட்டாங்க. அதனால தெரிஞ்ச வரைக்கும் நானே சொல்லிடறேன்.

நான் கம்பளி லாரி ஓட்டுனவன். கரூன்னு சொல்ற வறண்ட சீமையில ஆட்டுப் பண்ணை ஒவ்வொண்ணாப் போய் மூட்டை ஏத்திக்கிட்டுத் துறைமுகத்துல எறக்குவேன். எங்க பக்கம் மழையை நம்பி யாரும் ஆடு வளக்குறதில்ல. பூமிக்கு அடியில இருக்குற தண்ணிதான், அதை மேல கொண்டுவர்றது இரும்புக் காத்தாடி. காத்தடிச்சா சுத்தும், சுத்துனா தண்ணி வரும். சுத்தலைன்னா சர்வாஸ் லோட்ஸைக் கூப்பிடணும். நான் போற வழியில எங்கயாவது ஒரு காத்தாடி உச்சியில, வெயில்ல செவந்து போன ஒரு மனுஷன் ஒக்காந்து கிரீஸ் தடவிட்டிருப்பாரு. நான் கீழேருந்து ஹாரன் அடிப்பேன். அவரு மேலேருந்து ஸ்பானரைத் தூக்கிக் காட்டுவாரு. ரொம்ப வருஷத்துக்கு எங்க பழக்கம் அவ்வளவுதான். எங்க ஆளுங்க அவரைப் பம்ப்காரத் தொரைம்பாங்க. பேசவே மாட்டாரு. காத்துலயே ஒக்காந்து ஒக்காந்து ஒரு காது மந்தம். நாய்னா பயம். பண்ணைக்குப் பண்ணை நாய் இருக்குற சீமையில இந்த வேலையை ஏன் எடுத்தாருன்னு எங்களுக்கு ஒரு சிரிப்பு. கேட்டா, உச்சிக்கு நாய் ஏறாதுல்லம்பாரு.

அவங்க அப்பா பேரும் சர்வாஸ் லோட்ஸ்தான். அவங்க ஜனத்துல அது வழக்கம். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெத்தவரு பேரு, ரெண்டாவதுக்கு அம்மாவைப் பெத்தவரு பேரு, மூணாவதுக்கு அப்பா பேரே. எங்ககிட்டயும் அந்த வழக்கம் உண்டு, நாங்க மறந்துட்டா யாரும் சண்டைக்கு வர மாட்டாங்க. அவங்க வருவாங்க. என் சம்பந்தி மூணாவது பையன். மூத்தவருக்குப் பண்ணை கெடைச்சுச்சு, ரெண்டாமவரு வக்கீலு, இவருக்கு வந்தது அந்தப் பேரு.

அவங்க அப்பா, அந்தப் பெரியவரு, கட்சிக்காரரு. கவுன்சிலரா இருந்து மேயரா ஆகி, அப்புறம் பார்லிமெண்டுக்கே போனாரு. பேச்சு நல்லா வரும். ஆண்டவரு ஒவ்வொரு பறவைக்கும் ஒரு கூடு குடுத்திருக்காரு, கூட்டைக் கலந்தா குஞ்சு பொழைக்காதும்பாரு. வெள்ளைக்காரங்க எந்திரிச்சு நின்னு கை தட்டுவாங்க. அந்தப் பேச்சு பேசிக் கொஞ்ச நாள்லயே எங்க கூட்டைப் பிரிச்சாங்க.

அப்போ டவுனுக்குள்ளயே, ஆத்தங்கரையோரமா எங்க தெரு. டவுன் இனிமே வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்தான்னு சட்டம் வந்துச்சு. எனக்கு ஒம்பது வயசு. எங்களை ஏத்திக்கிட்டுப் போக லாரி வந்து நின்னுச்சு. மேட்டுக்கு அந்தப் பக்கம் காத்து ஓயாம அடிக்கிற பொட்டல்ல சின்னச் சின்ன வீடா வரிசை கட்டி வெச்சிருந்தாங்க. உள்ள கதவு கெடையாது. மேல பாத்தா தகரம்தான் தெரியும். அந்த எடத்துக்கு சர்வாஸ்வில்னு பேரு வெச்சாங்க. எங்களைத் துரத்துனவரு பேரையே எங்களுக்கு விலாசமாக் குடுத்தாங்க.

எங்கப்பா டாமன், கொத்து வேலை செஞ்சவரு. எங்க அடுப்படிக் கதவு ரெண்டு பாதியாத் திறக்கும். மேல் பாதியைத் திறந்து வெச்சா வெளிச்சம் வரும், கீழ் பாதியை மூடி வெச்சா கோழி வராது. அப்பாவே செஞ்ச கதவு அது. கதவு வீட்டோட சேந்தது, ஏத்த மாட்டேன்னான் லாரிக்காரன். அப்பா ரெண்டு பாதியையும் கழட்டி, கயிறு போட்டு முதுகுல கட்டிக்கிட்டு மேடு ஏறுனாரு. கீலை எல்லாம் நான் சட்டையில அள்ளிக்கிட்டுப் பின்னாலயே போனேன். ரோட்டோரமா ஒரு கருப்புக் காரு. பெரியவரு தொப்பியைக் கையில வெச்சுக்கிட்டு வெளிய நின்னாரு. காருக்குள்ள ஒரு வாலிபப் பையன் ஒக்காந்து பீச் பழம் தின்னுட்டிருந்தான். எனக்கு அன்னிக்கு அந்தப் பழம் மேலதான் கண்ணு.

அந்தக் கதவு இப்பவும் எங்க அடுப்படியில இருக்கு. என் படிப்புதான் ஆத்தங்கரையிலயே நின்னு போச்சு.

சரி, சம்பந்தம் எப்படி ஆச்சுன்னா, என் பொண்ணு ஷார்லீன் நர்ஸு. துறைமுக ஊர்ல ஒரு ஆஸ்பத்திரியில வேலை. அங்கயே ரத்தம் டெஸ்ட் பண்ற எடத்துல ரூபன் லோட்ஸ்னு ஒரு பையன். ரெண்டு பேரும் ஒரே சீமைன்னு பேச ஆரம்பிச்சவங்க. பேச்சு எங்க போய் முடியும்னு எங்களுக்குத் தெரியாதா. ஒரு நாள் பொண்ணு கேக்க அவன் அப்பா, நம்ம பம்ப்காரத் தொரையே வந்துட்டாரு. அவரு சம்சாரம் எல்சா அதுக்கு முன்னாடியே தவறிப்போச்சு. அண்ணனுங்க ரெண்டு பேரும் வர மாட்டேன்னுட்டாங்க. தனியா, கோட்டு போட்டுக்கிட்டு, கையில ஒரு பாட்டில் அப்ரிகாட் ஜாமோட வாசல்ல நின்னாரு.

நான் பழக்கதோஷத்துல, வாங்க தொரைன்னுட்டேன். என் பொண்டாட்டி டிரீனா என் காலை மிதிச்சா.

அவரு முகம் இன்னும் செவந்துச்சு. "தொரைன்னா நான் வெளியவே நிக்கிறேன். நான் பொண்ணு கேக்க வந்தவன். என்னை மிரட்ட வேண்டியது உங்க முறை" அப்படின்னாரு.

டிரீனாவுக்கு அப்பவே அவரைப் பிடிச்சுப்போச்சு. ஜாம் கொஞ்சம் கருகியிருந்ததையும் சொல்லிட்டா.

கல்யாணம் அந்தத் துறைமுக ஊர்லயே நடந்துச்சு. அதுக்கப்புறம் அவரு எங்க வீட்டுக்கு வராத ஞாயித்துக்கிழமை கெடையாது. வந்தா வீட்டுக்குள்ள ஒக்கார மாட்டாரு. அந்தக் கதவோட கீழ் பாதி மேல கையை ஊணிக்கிட்டு வெளிய நின்னே டீ குடிப்பாரு. காத்தாடியில நின்னு பழகுன ஒடம்பு. அப்போ எவனாவது பண்ணைக்காரன் போன் பண்ணுவான், பம்ப் நின்னு போச்சு, எங்க இருக்கீங்கன்னு. இவரு ஒரே பதில்தான் சொல்லுவாரு, மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கேன்னு. எங்க அடுப்படியில நின்னுக்கிட்டு, இந்தப் பக்கத்தையே அந்தப் பக்கம்பாரு. டிரீனா ஒரு நாள் சொன்னா, "ஆப்ரம், கவனிச்சியா, உன் சம்பந்தி வாயில நம்ம ஊரு பேரு வரவே மாட்டேங்குது." கவனிச்சிருந்தேன். பேரு அவருது, வெக்கமும் அவருதுன்னு விட்டுட்டேன்.

பேரன் பொறந்தான். ரூபன் புள்ளையைத் துணியோட தூக்கிட்டு வந்து அவரு கையில வெச்சு, "சர்வாஸ், தாத்தாவைப் பாருடா" அப்படின்னான்.

அது அவங்க முறைப்படி சரிதான். மூத்த பையனுக்கு அப்பாவைப் பெத்தவரு பேரு. ஆனா இவரு சூடு பட்ட மாதிரி புள்ளையை என் கையில குடுத்துட்டாரு. நான் வேண்டாம்னா சொல்லுவேன்? எனக்கு அதுல லாபம்தான். ஆனா ரூபன் மூஞ்சி செத்துப்போச்சு.

"அந்தப் பேரு வேண்டாம். நம்ம வீட்டுல அது என்னோட முடியட்டும்."

ரூபன் சத்தம் போடுற பையன் இல்ல. மெதுவாத்தான் கேட்டான். "எனக்கும் அப்பா அந்தப் பேரைக் குடுக்கலை. இப்போ என் புள்ளைக்கும் இல்லையா. எங்ககிட்ட அப்படி என்னப்பா கொறை?"

அது பழைய புண்ணு. முறையா பாத்தா ரூபனுக்கே சர்வாஸ்னுதான் வெச்சிருக்கணும். எல்சாவோட அப்பா பேரை வெச்சாங்க. எல்சா பிடிவாதம் பிடிச்சான்னு ஊரெல்லாம் பேச்சு. மேயரு அந்த ஞானஸ்நானத்துக்கு வரலை. கடைசி வரைக்கும் ரூபனை மடியில தூக்கி வெச்சதும் இல்ல. மத்த பேரப்புள்ளைங்க தாத்தா மடியில ஒக்காந்து போட்டோ எடுத்திருக்கும், ரூபன் ஓரமா நிப்பான்.

அப்பனும் மகனும் கட்டிலுக்கு ரெண்டு பக்கமும் நின்னு தரையைப் பாத்துட்டிருந்தாங்க. படுத்திருந்த ஷார்லீன்தான் முடிச்சு வெச்சா. "நான் ராத்திரியெல்லாம் வலிச்சுப் பெத்திருக்கேன், எனக்கு இந்த மூஞ்சியெல்லாம் பாக்க முடியாது. ரெண்டு கெழவனுங்களும் பேசி ஒரு பேரைச் சொல்லுங்க, நாங்க வெச்சிடறோம். ஞானஸ்நானத்துக்குள்ள சொல்லலைன்னா ரக்பி டீம் கேப்டன் பேரை வெச்சிடுவேன்." அந்தக் கேப்டன் பேரு வாயில நொழையாது. எனக்கு பயமாப் போச்சு.

பேசலாம்னு நான் காத்திருந்தா, சம்பந்தி வேற வழியில போனாரு. அந்தச் சமயம் முனிசிபாலிட்டியில ஊர்ப் பேருங்களை மாத்துறது பத்தி ஊரு ஊரா கருத்துக் கேட்டுட்டிருந்தாங்க. எங்க சமுதாயக் கூடத்துலயும் கூட்டம் போட்டாங்க. பொண்ணு கேக்க வந்தப்போ போட்ட அதே கோட்டைப் போட்டுக்கிட்டு வந்து நின்னாரு. மொத்தக் கூட்டத்துலயும் வெள்ளை மூஞ்சி அது ஒண்ணுதான். அவ்வளவு பேரு முன்னாடி அவரு வாயைத் திறந்து நான் பாத்ததில்ல.

"நான் சர்வாஸ் லோட்ஸ். மேயரோட பையன். எங்கப்பா உங்களுக்குச் செஞ்சதுக்கு நான் வெக்கப்படுறேன். அந்தப் பேரை எடுத்துடுங்க. ரோட்டுல இருக்குற பலகையை நானே ஏறிக் கழட்டுறேன்."

பாதிப் பேருக்குப் பம்ப்காரத் தொரைதான் அந்த சர்வாஸ்ங்கிறதே அப்போதான் தெரியும். ஒருத்தன் பின்னாடியிருந்து விசிலடிச்சான்.

மீக்கியக்கா எந்திரிச்சாங்க. எங்க ரக்பி கிளப் பையனுங்க ஜெர்சியெல்லாம் தொவைக்கிறது அவங்கதான். அவங்க சொன்னா கேப்டனே ஒக்காந்துடுவான்.

"பம்ப்காரத் தொரை, ஒக்காந்து பேசுங்க, விழுந்துடப் போறீங்க" அப்படின்னாங்க. அவரு ஒக்காரலை. "சரி, நில்லுங்க. உங்கப்பாவுக்கு நீங்க ஓட்டுப் போட்டீங்களா?"

"போட்டேன்."

"பயந்தா, நம்பியா?"

"நம்பித்தான். ரெண்டு தடவை."

மறுபடியும் விசில். மீக்கியக்கா கையைக் காட்டி அடக்குனாங்க. "பொய் சொல்லலைல்ல, விடுங்கடா. இப்போ நான் சொல்றதைக் கேளுங்க தொரை. உங்கப்பா எங்களை ஒரு வார்த்தை கேக்காம இந்தப் பேரை வெச்சாரு. நீங்களும் கேக்காமத்தான் எடுக்கச் சொல்றீங்க. டவுன் ஸ்கூல் ஹாஸ்டலுக்கும் உங்கப்பா பேருதான் இருந்துச்சு. உங்க ஆளுங்களே சத்தமில்லாம கழட்டிட்டாங்க. வெக்கத்தைத் தொடச்சுக்கிட்டாங்க. இங்கயும் தொடச்சுட்டா, எங்களை இங்க கொண்டாந்து கொட்டுனது யாருன்னு என் பேத்தி யாரைப் போய்க் கேப்பா? அதோட அந்தப் பேரு போட்ட ஜெர்சியை வாராவாரம் தொவைக்கிறது நான். பேரு இப்போ என்னுது. நீங்க எடுக்க முடியாது."

எங்க கிளப் ஜெயிச்சா ரோடெல்லாம் சர்வாஸ் சர்வாஸ்னுதான் கத்துவாங்க. பெரியவரு நெனப்பு அப்போ ஒருத்தனுக்கும் வராது. இள வயசுப் பசங்க சில பேரு மட்டும் போராட்டத்துல செத்தவங்க பேரை வைக்கணும்னு கேட்டாங்க. கை தூக்கச் சொன்னப்போ, இருக்கட்டும்ங்கிற பக்கம்தான் கூட்டம். நானும் அந்தப் பக்கம்தான் தூக்குனேன். சம்பந்தி திரும்பிப் பாத்தாரு. என் கை தூக்குனபடியே இருந்துச்சு.

அதுக்கப்புறம் ஞாயித்துக்கிழமை வந்துச்சு, அவரு வரலை. அடுத்த ஞாயிறும் வரலை. ரூபனும் அவரைப் பத்திப் பேச்சே எடுக்கலை. போதகர் ஐயா ரெண்டு தடவை சொல்லியனுப்பிட்டாரு, ஞானஸ்நானத் தேதி கிட்ட வருது, பேரு என்னன்னு. ஷார்லீன் அந்தக் கேப்டன் பேரை சொல்லிச் சொல்லிப் பழகிட்டிருந்தா, என்னைக் கிண்டல் பண்றதுக்குத்தான்.

அப்புறம் ஒரு நாள் காலையில, டிரீனா தணல்ல ரொட்டி சுட்டுட்டிருக்கா, கதவோட கீழ் பாதியில வழக்கமான கை வந்து ஊணுச்சு. எதுவும் நடக்காத மாதிரி டிரீனா செவப்பு டீயை ஊத்திக் கதவு மேல வெச்சா. அவரு டீயை எடுக்கலை. கதவையே தடவிட்டிருந்தாரு.

"இந்தக் கதவை நான் முன்னாடியே பாத்திருக்கேன் சம்பந்தி. உங்கப்பா முதுகுல."

எனக்குப் புரிய கொஞ்ச நேரமாச்சு. "காருக்குள்ள இருந்தது நீங்களா?"

"நான்தான்."

"பீச் தின்னுட்டிருந்தீங்க."

யோசிச்சாரு. "இருக்கும். அந்த வருஷம் நல்லா காய்ச்சிருந்துச்சு."

டிரீனா வேற பக்கம் திரும்பிக்கிட்டா. சிரிப்பா என்னான்னு எனக்குத் தெரியலை.

அப்புறம்தான் அந்தப் பம்ப் கதையைச் சொன்னாரு. எங்க ஊருக்குக் குழாய் ரொம்ப லேட்டாத்தான் வந்துச்சு. அது வரைக்கும் மொத்த ஊருக்கும் ஒரே ஒரு காத்தாடிப் பம்ப். அது நின்னா பொம்பளைங்க வாளியோட வரிசையில நிக்கணும். அந்தப் பம்புக்கு எங்க ஆளுங்க வெச்ச பேரு சர்வாஸ். நானே மறந்துட்டேன் அதை. அதை ரிப்பேர் பண்ண இவரைத்தான் அனுப்புவாங்க. ஒரு நாள் வெயில்ல இவரு உச்சியில ஒக்காந்திருக்காரு, கீழ வரிசை. "சர்வாஸ் வத்திப்போச்சு." "சர்வாஸ் வாயில வர்றது எல்லாம் நாத்தம்." "சர்வாஸை ஏறி ஒதைச்சாத்தான் புத்தி வரும்." ஒவ்வொருத்தியும் ஒண்ணு சொல்றா, எல்லாரும் சிரிக்கிறாங்க. மேல இருக்குறவன் பேரு அதுதான்னு ஒருத்திக்கும் தெரியாது. அப்போ அவரு காது நல்லா இருந்த காலம்.

"எறங்கி வந்தப்போ ஒரு அம்மா வாளியிலேருந்து ஒரு கிண்ணம் தண்ணி மொண்டு குடுத்துச்சு. தொரை பேரு என்னன்னு கேட்டுச்சு. நான் லோட்ஸ்னுகூட சொல்லலை. பம்ப்காரன்னு சொல்லிட்டு வண்டியில ஏறிட்டேன். அப்போ எல்சா வயித்துல ரூபன்."

அன்னிக்குத்தான் அந்தப் பேரை புள்ளைக்கு வைக்கிறதில்லைன்னு முடிவு பண்ணியிருக்காரு. ஆனா அப்பாகிட்ட காரணத்தைச் சொல்ல வாய் வரலை. எல்சா கேக்குறான்னு சொல்லிட்டாரு. அந்தப் பழியை எல்சா சாகுற வரைக்கும் சுமந்துச்சு.

"சொல்லியிருக்கலாமே" அப்படின்னேன்.

"அவரு என்கிட்ட நல்லவரு சம்பந்தி. அதுதான் கஷ்டம். குளிர்காலத்துல என் ஸ்கூல் ஷூவை அடுப்புக்கிட்ட வெச்சு சூடாக்கி, அவரே குனிஞ்சு மாட்டி விடுவாரு. உங்க தெருவை இடிக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டதும் அந்தக் கையிதான். எனக்கு ரெண்டையும் ஒண்ணா வெச்சுப் பாக்க வரலை. அதனால எதையும் பாக்காம உச்சியில போய் ஒக்காந்துக்கிட்டேன்."

டீ ஆறிப்போயிருந்துச்சு. அவரு ஒரே மூச்சுல குடிச்சாரு.

"அந்தக்கா சொன்னது சரி. நான் யாரையும் கேக்கலை. எல்சாவையும் கேக்கலை, ரூபனையும் கேக்கலை, ஊரையும் கேக்கலை. இப்போ கேக்குறேன். புள்ளைக்கு என்ன பேரு வைக்கலாம்? நீங்க சொல்லுங்க. சர்வாஸ்னு சொன்னாலும் நான் வாயைத் திறக்க மாட்டேன்." காலி கிளாஸைக் கதவு மேல வெச்சுட்டு, "எனக்கு ஆசை இல்லாம இல்ல. ரூபன் அந்தப் பேரைச் சொல்லிக் கையில குடுத்தப்போ ஒரு நிமிஷம் மனசு குளுந்து போச்சு. அதுக்குத்தான் பயந்து உங்ககிட்ட குடுத்துட்டேன்" அப்படின்னாரு.

முதல்ல போய் இந்தப் பம்ப் கதையை ரூபன்கிட்ட சொல்லிட்டு வாங்கன்னேன். போனாரு. ரூபன் முழுசாக் கேட்டுக்கிட்டானாம். அப்புறம், "இதை எனக்குச் சின்ன வயசுலயே சொல்லியிருந்தா, தாத்தா என்னை ஏன் மடியில வெச்சுக்கலைன்னு நான் என்னையே கொறை சொல்லிட்டிருந்திருக்க மாட்டேன்பா" அப்படின்னானாம். அம்மா மேல இருந்த பழியையும் எறக்கி வைக்கணும்னு கேட்டானாம். சம்பந்தி ரெண்டு அண்ணனுங்களுக்கும் போன் பண்ணி, பேரை மாத்துனது எல்சா இல்ல, நான்தான்னு சொல்லிட்டாரு. ஒருத்தரு பாதியிலயே போனை வெச்சுட்டாராம்.

இப்போ பந்து எங்க வீட்டுல. நானும் டிரீனாவும் பேசுனோம். நெசத்தைச் சொன்னா எனக்கு சர்வாஸ்னே வெச்சுடலாம்னு இருந்துச்சு. அந்த மனுஷன் ஆசைன்னு ஒரு வார்த்தை சொன்னது மனசுலயே நின்னுச்சு. ஊருக்கு அந்தப் பேரு இருக்கட்டும்னு கை தூக்குனவன்தானே நானு. பேரனுக்கு மட்டும் என்னவாம்?

டிரீனா பாத்திரம் கழுவிட்டே சொன்னா. "ஊரு வேற ஆப்ரம். ஊரை யாரும் மடியில போட்டுக் கொஞ்சுறதில்ல. நான் இந்தப் புள்ளையைக் குளிப்பாட்டணும், சோறு ஊட்டணும், தெருவுல ஓடுனா பேரு சொல்லிக் கத்திக் கூப்பிடணும். நான் பழகிடுவேன், பரவால்ல. உங்கம்மா உயிரோட இருந்தா?"

எங்கம்மா சாகுற வரைக்கும் இந்த ஊரை இங்கன்னுதான் சொன்னாங்க. பேரு அவங்க வாயில வந்து நான் கேட்டதே இல்ல. அதுக்கப்புறம் எனக்கு யோசிக்க ஒண்ணும் இல்ல.

அடுத்த ஞாயித்துக்கிழமை சம்பந்தி வந்ததும் சொன்னேன். "டாமன்."

"கதவு தூக்குனவரு."

"ஆமா."

வாய்க்குள்ளயே ரெண்டு மூணு தடவை சொல்லிப் பாத்தாரு. நல்ல பேரு, கூப்பிட சுலபமா இருக்குன்னாரு. முகத்துல சந்தோஷமும் இருந்துச்சு, எதையோ எறக்கி வெச்சுட்டுக் கை சும்மா இருக்குற மாதிரியும் இருந்துச்சு. நான் அதைப் பாத்தும் பாக்காத மாதிரி ரொட்டியை எடுத்து அவரு தட்டுல போட்டேன். ரூபனுக்கும் ஷார்லீனுக்கும் சம்மதம். சண்டை போடாமயா முடிச்சீங்கன்னு ஷார்லீன் நம்பவே இல்ல.

ஞானஸ்நானம் எங்க கோயில்ல, சர்வாஸ்வில்ல. லோட்ஸ் வீட்டு ஆளு ஒருத்தரு அந்தக் கோயிலுக்குள்ள கால் வைக்கிறது அன்னிக்குத்தான். கோயில் கட்ட ஆரம்பிச்சப்போ பெரியவரு வந்து அஸ்திவாரக் கல்லை மட்டும் நாட்டிட்டுப் போனாரு. அந்தக் கல்லு இன்னும் கதவுக்குப் பக்கத்துல இருக்கு, அவரு பேரோட. சம்பந்தி மனசு கஷ்டப்படும்னு டிரீனா ஒரு பூத்தொட்டியை வெச்சு அதை மறைச்சிருந்தா. அவரு வந்தாரு, நின்னாரு, குனிஞ்சு தொட்டியைத் தள்ளி வெச்சாரு.

"இருக்கட்டும்மா. மீக்கியக்கா பேத்தி படிக்கட்டும்."

உள்ள போதகர் ஐயா பேரு கேட்டாரு. ரூபன் டாமன்னு சொன்னான். தண்ணி தலையில பட்டதும் புள்ளை தும்முச்சு, அழலை. எங்க வீட்டு தைரியம் அது.

அப்புறம் எங்க வீட்டுல சாப்பாடு. வெளிய கறி சுட்டோம். பாகுல ஊறப் போட்ட பின்னல் பலகாரம் தட்டு தட்டா வந்துச்சு. மீக்கியக்கா புள்ளையை வாங்கி வெளிச்சத்துல திருப்பிப் பாத்தாங்க. அவங்க பாத்த பார்வையிலேயே எனக்குத் தெரிஞ்சுபோச்சு.

"மூக்கைப் பாத்தியா டிரீனா. அப்படியே மேயரு மூக்கு."

எல்லாரும் சாப்பிடுறதை நிறுத்திட்டாங்க. சம்பந்தி கதவோட கீழ் பாதியில கையை ஊணிக்கிட்டு நின்னாரு.

"மூக்குக்கு யாரையும் கேக்க வழியில்லக்கா. பேருக்குக் கேட்டுட்டேன்" அப்படின்னாரு.

மீக்கியக்கா அவரை ஒரு பார்வை பாத்தாங்க. அப்புறம் சிரிச்சாங்க, அவங்க சிரிச்சதும் மத்தவங்களும் சிரிச்சாங்க. பம்ப்காரருக்குக் கறி வைங்கடான்னு அவங்களே சத்தம் போட்டாங்க. தொரைங்கிற வார்த்தையை விட்டுட்டாங்கன்னு நான் கவனிச்சேன்.

அப்போ அவரு போன் அடிச்சுச்சு. எவனோ பண்ணைக்காரன். காத்தாடி நின்னு போச்சு, ஆடெல்லாம் தொட்டியைச் சுத்தி நிக்குதுன்னு சொல்லியிருப்பான். சம்பந்தி நல்ல காதுல போனை வெச்சுக்கிட்டு, இன்னிக்கு முடியாது, நாளைக்கு விடியும்போது வர்றேன், இன்னிக்குப் பேரனுக்கு ஞானஸ்நானம்னாரு. அவன் எங்கன்னு கேட்டிருக்கணும்.

"சர்வாஸ்வில்ல இருக்கேன்."

டிரீனா என்னைத் திரும்பிப் பாத்தா. காத்து பலமா அடிச்சிட்டிருந்துச்சு, அவனுக்குச் சரியாக் கேக்கலை போல. சம்பந்தி இன்னொரு தடவை சத்தமா சொன்னாரு. போனைப் பாக்கெட்ல போட்டுட்டு, கையைத் துணியில தொடச்சுக்கிட்டு, புள்ளையைக் குடுங்கக்கான்னு மீக்கியக்கா முன்னாடி போய் நின்னாரு.